பேட்டரியின் உறையில் அச்சிடப்படாத எண்: அகத்தடையும் குறுக்குச்சுற்றும்

தில்லியில் ஜனவரிக் குளிர் கடுமையாக இருக்கும் காலைகளில், குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களில் ஒரே குழப்பத்தைப் பலரும் சந்திக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் கார் கிளம்புவதில்லை. 'டக டக டக' என்ற ஓசை மட்டும் வருகிறது. மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் என்று காட்டுகிறது. மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் ஒரு மாமா, அரசுத் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதைத்தான் என்னிடம் கேட்டார்: "பேட்டரியில 12 வோல்ட்னு போட்டிருக்கு, மீட்டரும் 12க்கு மேலேயே காட்டறது. மெக்கானிக் மாத்தியே ஆகணும்கிறான். எதை நம்பறது, சொல்லுங்கோ?"

மெக்கானிக் சொன்னது சரி. மீட்டர் காட்டியதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதை விளக்குவதற்கே இந்தக் கட்டுரை. பேட்டரியின் உறையில் வோல்ட் அச்சிடப்பட்டிருக்கும், ஆம்பியர்-மணி அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் தேவைப்படும் கணத்தில் அது எவ்வளவு மின்னோட்டத்தைத் தர முடியும் என்பதைத் தீர்மானிக்கும் மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதன் பெயர் அகத்தடை. நாம் வாங்கும் பேட்டரிகளின் உறையில் அதைப் பெரும்பாலும் காண முடியாது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இது சில பக்கங்களில் வந்து போகிறது. தில்லியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் படித்து, கணக்குப் போட்டு, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். கூடத்தின் மூலையில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியோடு அந்தச் சமன்பாட்டைப் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. ஏனென்றால், குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏன் ஆபத்தானது என்பதற்கான விடை முழுவதும் அந்தச் சமன்பாட்டுக்குள்தான் இருக்கிறது.

இரண்டு பன்னிரண்டு வோல்ட்டுகளை ஒப்பிட்டுத் தொடங்கலாம். எட்டு ஆல்கலைன் பென்சில் செல்களை வரிசையாகத் தொடர் இணைப்பில் வைத்தால், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் என்பதால், மொத்தம் 12 வோல்ட் கிடைக்கும். காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியும் 12 வோல்ட்தான். வோல்ட் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், பென்சில் செல்களை வைத்துக் காரைக் கிளப்பிவிட முடிய வேண்டும். முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். 'அது சின்னது, இது பெரியது' என்ற பதில் தவறில்லை என்றாலும், அந்தச் சிறுமை பெருமையை எண்ணாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தடையை ஓம் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு புதிய ஆல்கலைன் பென்சில் செல்லின் அகத்தடை ஏறக்குறைய 0.2 ஓம், எட்டுக்கும் சேர்த்து 1.6 ஓம். நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரியின் அகத்தடையோ 5 முதல் 10 மில்லி ஓம் வரைதான், அதாவது 0.005 முதல் 0.01 ஓம். இரண்டுக்கும் இடையே சில நூறு மடங்கு வேறுபாடு இருக்கிறது.

பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அகத்தடை என்று தனியாக ஒரு பாகம் இருக்காது. மின்னோட்டம் பேட்டரிக்குள் கடந்து போக வேண்டிய வழி முழுவதும் சேர்ந்து தரும் எதிர்ப்பையே அப்படி அழைக்கிறோம். முனைகளிலும் தகடுகளின் உலோகச் சட்டங்களிலும் எலக்ட்ரான்கள் செல்லும்போது ஒரு சிறு தடை இருக்கிறது. தகட்டின் பரப்பில் வேதிவினை நிகழும் வேகத்திற்கு ஓர் எல்லை இருப்பதால், அதுவும் தடையாகவே வெளிப்படுகிறது. தகடுகளுக்கு நடுவே உள்ள மின்பகு திரவத்தில் அயனிகள் நகர்ந்தாக வேண்டும்; அயனிகள் எலக்ட்ரான்களைப் போல உலோகத்தில் தாராளமாக ஓடுபவை அல்ல, திரவத்தை விலக்கிக்கொண்டு மெல்ல நகர்பவை. தகடுகளின் பரப்பு பெரிதாகவும், அவற்றுக்கு இடையிலான தூரம் சிறிதாகவும் இருந்தால் அகத்தடை குறையும். கார் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கி அடுக்கியிருப்பதன் காரணம் இதுவே.

பேட்டரியின் வேதியியல் தரும் முழு உந்துதலை மின்னியக்கு விசை என்கிறோம். அதிலிருந்து அகத்தடை எடுத்துக்கொண்டது போக, வெளியே முனைகளில் நமக்குக் கிடைப்பது முனை மின்னழுத்தம். இரண்டு சமன்பாடுகள் போதும்:

மின்னோட்டம் = மின்னியக்கு விசை ÷ (வெளித்தடை + அகத்தடை)

முனை மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அகத்தடை)

இரண்டாவது சமன்பாட்டை ஒரு கணம் நிதானமாகப் பாருங்கள். மின்னோட்டம் சுழியமாக இருந்தால், அகத்தடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது எதையும் எடுத்துக்கொள்ளாது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம் அளவில் இருக்கும்; அது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே இழுக்கிறது. ஆகவே நலிந்த பேட்டரியும் நல்ல பேட்டரியும் அதன் முன் ஒன்றுபோலவே நிற்கும். மாமாவின் மீட்டர் பொய் சொல்லவில்லை. வேலை எதுவும் கொடுக்காத நிலையில் பேட்டரி எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொன்னது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் ஓம் 1826இல் தமது சோதனை முடிவுகளை வெளியிட்டபோது, அவர் எழுதிய சமன்பாடு இன்று பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுக்கும் சுருங்கிய வடிவில் இல்லை. ஒரு மாறிலியை, இன்னொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கும் வடிவில் இருந்தது. வகுக்கும் பக்கத்தில் இருந்த அந்த மாறிலி, சோதனைக் கம்பியைத் தவிர்த்து, மின்மூலம் உள்ளிட்ட மீதிச் சுற்று முழுவதன் தடையையும் குறித்தது. முதலில் அவர் அக்காலத்துப் பேட்டரியான வோல்ட்டா அடுக்கைத்தான் பயன்படுத்தினார். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் மின்னோட்டம் குறைந்துகொண்டே போனதால், போக்கெண்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்த செம்பு-பிஸ்மத் வெப்ப மின்னிரட்டைக்கு, அதாவது வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் தரும் உலோக இணைக்கு, மாறினார். மின்மூலத்தின் உட்பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஓம் விதி பிறக்கவே இல்லை என்பதை மாணவர்களிடம் சொன்னால், அகத்தடையை ஒரு பின்னிணைப்பாகப் பார்க்கும் பழக்கம் மாறும் என்று நம்புகிறேன்.

இப்போது காருக்கு வருவோம். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், கணக்குக்காக, அதை 0.06 ஓம் தடையாக எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட், அகத்தடை 8 மில்லி ஓம் என்றால், மின்னோட்டம் ஏறக்குறைய 185 ஆம்பியர். முனைகளில் நிற்பது 11.1 வோல்ட், மோட்டாருக்குப் போய்ச் சேரும் திறன் சுமார் 2,050 வாட். அதே பேட்டரி மூப்படைந்து அகத்தடை 40 மில்லி ஓம் ஆகிவிட்டால், மின்னோட்டம் 126 ஆம்பியராகக் குறைகிறது, முனைகளில் 7.6 வோல்ட்தான் மிஞ்சுகிறது. மோட்டாருக்குச் சுமார் 950 வாட் மட்டும் போகிறது, 635 வாட் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது. இரண்டு பேட்டரிகளும் சும்மா இருக்கையில் அதே 12.6 வோல்ட்டைத்தான் காட்டியிருக்கும். பென்சில் செல் எட்டையும் இதே மோட்டாரில் இணைத்தால் 7 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் போகும். மோட்டாரின் பங்குக்கு அரை வோல்ட் கூடக் கிடைக்காது.

அந்த 'டக டக' ஓசைக்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. ஸ்டார்ட்டரை இணைக்கும் சொலினாய்டு ஒரு மின்காந்தம். சாவியைத் திருப்பியதும் அது இழுத்து மோட்டாரைப் பேட்டரியோடு இணைக்கிறது, இணைந்த கணமே மின்னழுத்தம் சரிந்து, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வலிமையைச் சொலினாய்டு இழக்கிறது, அது விட்டுவிட்டதும் மின்னோட்டம் நின்று மின்னழுத்தம் மீண்டும் 12க்கு மேல் ஏறுகிறது, மறுபடியும் இழுக்கிறது. இந்தச் சுழற்சி ஒரு நொடிக்குள் பல முறை நடக்கிறது.

குளிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. தென்னிந்தியர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் டிசம்பர் பிறந்ததும் சீசாவுக்குள் உறைந்து நிற்பதைத் தில்லியில் வசிக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பேட்டரியின் அமிலம் அப்படி உறைந்துவிடுவதில்லை. ஆனாலும் வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கும்போது அதன் பிசுபிசுப்பு கூடுகிறது, அயனிகளின் நகர்வு மந்தமாகிறது, தகட்டுப் பரப்பின் வேதிவினையும் மெதுவாகிறது. ஆக, அகத்தடை ஏறுகிறது. அதே நேரத்தில் எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகியிருப்பதால் மோட்டாருக்கு வேலையும் அதிகம். ஆனால் பேட்டரியைக் கெடுத்தது குளிர்தான் என்று முடிவுகட்டுவது தவறு. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி வரை ஏறும் தில்லி வெயில் தகடுகளின் அரிப்பையும் நீரிழப்பையும் விரைவுபடுத்தி, அகத்தடையைச் சிறுகச் சிறுக ஏற்றிவைக்கிறது. கோடையில் எஞ்சின் இலகுவாகச் சுழல்வதால் அது வெளியே தெரிவதில்லை. ஜூனில் ஏற்பட்ட சேதம் ஜனவரியில் கண்ணில் படுகிறது.

பேட்டரியை முழுமையாக மின்னேற்றாமல் நெடுநாள் விட்டுவைப்பதும் இதே விளைவைத் தரும். ஈய-அமில பேட்டரி மின்னிறக்கம் ஆகும்போது இரு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலமும் நீர்த்துப் போகிறது. ஈய சல்பேட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எளிதில் திரும்பாது. ஆகவே அகத்தடை என்பது ஒரு பேட்டரிக்கு என்றென்றும் மாறாத எண் அன்று. எவ்வளவு மின்னேற்றம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு வெப்பம், எவ்வளவு வயது, எவ்வளவு நேரமாக மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். கார் கிளம்பாதபோது சாவியை விடாமல் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பதைவிட, ஒன்றிரண்டு நிமிடங்கள் பொறுத்து மறுபடி முயல்வது நல்லது. தகடுகளை ஒட்டி நீர்த்துப்போன அமிலத்தில் புதிய அயனிகள் வந்து சேர அந்த அவகாசம் உதவுகிறது.

கைபேசி 20 விழுக்காடு மின்னேற்றம் இருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுவதும் இதே கதைதான். அந்த நிலையில் லித்தியம்-அயனிக் கலம் 3.6 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவைத் திறந்ததும் ஒரு கணத்திற்கு 2 ஆம்பியர் தேவைப்படுகிறது. அகத்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் குறையும், கைபேசி பொறுத்துக்கொள்ளும். அகத்தடை 0.3 ஓம் ஆகிவிட்ட பழைய கலத்தில் 0.6 வோல்ட் குறைந்து 3 வோல்ட்டுக்கு இறங்கும். கைபேசி தன்னை அணைத்துக்கொள்ளும். பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்கள் குறைத்து வந்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதன் பின்னணியில் இருந்த இயற்பியலும் இதுவே: உச்ச மின்னோட்டத்தைக் குறைத்தால் மின்னழுத்தச் சரிவும் குறையும்.

குறுக்குச்சுற்று

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் அகத்தடையைப் பகையாகவே கண்டோம். வெளித்தடையை ஏறக்குறைய சுழியமாக்கிப் பாருங்கள். முதல் சமன்பாட்டில் வகுக்கும் பக்கத்தில் அகத்தடை மட்டும் மிஞ்சுகிறது. மின்னோட்டம் எல்லையற்றதாக ஆகிவிடாமல் தடுத்து நிற்பது அது ஒன்றே. இரண்டு முனைகளையும் மிகக் குறைந்த தடையுள்ள ஒரு பொருளால் நேராக இணைத்துவிடுவதைத்தான் குறுக்குச்சுற்று என்கிறோம், ஷார்ட் சர்க்யூட் என்று பேச்சில் சொல்வதும் இதைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பென்சில் செல் ஒன்றைக் குறுக்குச்சுற்றாக்கினால் 1.5 வோல்ட்டை 0.2 ஓமால் வகுக்க 7.5 ஆம்பியர், திறன் 11 வாட் சொச்சம். இருபது சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு சிறு குழாய்க்குள் அவ்வளவு வெப்பம் உண்டானால் அது சீக்கிரமே கையில் பிடிக்க முடியாதபடி சூடாகிவிடும். கார் பேட்டரியில் 12.6 வோல்ட்டை 0.008 ஓமால் வகுத்தால் 1,575 ஆம்பியர் வருகிறது. திறன் ஏறக்குறைய 20 கிலோவாட், அதாவது 2 கிலோவாட் கீசர்கள் பத்தின் அளவு. இணைக்கும் பொருளின் தடையும் சேர்வதால் நடைமுறையில் சற்றுக் குறையும் என்றாலும், ஸ்பேனரின் முனை உருகி முனையோடு ஒட்டிக்கொள்ள அது தாராளமாகப் போதும். 12 வோல்ட் நம் உடலில் மின்னதிர்ச்சி தராது என்பது உண்மை. உலர்ந்த தோலின் தடை அதிகம் என்பதால் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் விரலில் இருக்கும் தங்க மோதிரம் ஒரு முனையையும் ஸ்பேனரையும் தொட்டுவிட்டால், மோதிரம் நொடிப்பொழுதில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். குறைந்த வோல்ட் என்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தொடக்க நிலையில் பலரும் கேட்பதில்லை. நான் மிக முக்கியமாகக் கருதுவது அதைத்தான். தொடர் சுற்றில் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம் போவதால், வெப்பம் தடைகளின் விகிதத்திலேயே பங்கிடப்படும். 1 மில்லி ஓம் தடையுள்ள கனத்த ஸ்பேனர் 8 மில்லி ஓம் அகத்தடையுள்ள பேட்டரியின் குறுக்கே விழுந்தால், வெப்பத்தின் ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு பேட்டரிக்குள்ளேயே உண்டாகிறது. அதற்குப் பதிலாக 0.1 ஓம் தடையுள்ள மெல்லிய கம்பி விழுந்தால், மின்னோட்டம் 117 ஆம்பியர்தான். ஆனால் அதில் 1,360 வாட்டுக்கு மேல் கம்பியின் பங்கு, பேட்டரிக்குள் சுமார் 110 வாட் மட்டுமே. கம்பி செந்தணலாகிறது, அதன் உறை எரிகிறது, பேட்டரியோ ஏறக்குறைய இயல்பாக இருக்கிறது. ஒரு விபத்தில் கம்பி எரிவதற்கும் மற்றொன்றில் பேட்டரி உப்பி வெடிப்பதற்கும் காரணம் இந்தப் பங்கீடுதான்.

மெக்கானிக்குகள் சிலர் ஒரு கம்பித் துண்டை இரு முனைகளிலும் உரசி, பொறி பறப்பதைப் பார்த்து 'பேட்டரி நன்றாக இருக்கிறது' என்று சொல்வதுண்டு. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். மின்னேற்றத்தின்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. மூடிய பால்கனியில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் அது தேங்கி நின்றால் ஒரு பொறி போதும், உறை வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். இன்னொரு வண்டியின் பேட்டரியோடு கேபிளால் இணைத்துக் காரைக் கிளப்பும்போது, கடைசிக் கவ்வியைப் பேட்டரியின் எதிர்முனையில் (நெகட்டிவ்) மாட்டாமல் சற்றுத் தள்ளி எஞ்சினின் உலோகப் பகுதியில் மாட்டச் சொல்வதும், அந்தக் கடைசிப் பொறி ஹைட்ரஜன் உள்ள இடத்தில் பறக்கக் கூடாது என்பதற்காகவே. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும் என்ற விதிக்கும் காரணம் உண்டு. காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பக்கத்து உலோகத்தைத் தொட்டதுமே குறுக்குச்சுற்று. எதிர்முனையை முதலில் விடுவித்துவிட்டால், அதன் பிறகு ஸ்பேனர் எங்கே தொட்டாலும் சுற்று முழுமையடையாது. மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும்.

சிஆர்2032 போன்ற பொத்தான் செல்கள் இதற்கு நேர் எதிரான வகை. 3 வோல்ட் இருந்தாலும் அகத்தடை பத்து ஓமுக்குக் குறையாமல் இருப்பதால், குறுக்குச்சுற்றிலும் அதிகம் போனால் சில நூறு மில்லி ஆம்பியர்தான். சாவிக்கொத்து விளக்குகளில் எல்இடியைத் தனித் தடை எதுவும் இல்லாமல் நேரடியாக இந்தச் செல்லோடு இணைத்திருப்பார்கள். அங்கே அகத்தடையே காவல். ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் செல்லைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே பாயும் சிறு மின்னோட்டமே எதிர்முனையருகே காரத்தை உண்டாக்கித் திசுவை அரித்துவிடும். அது வெப்பத்தால் வரும் புண் அன்று, வேதிவினையால் வருவது. சில மணி நேரத்திலேயே கடும் சேதம் நேர்ந்துவிடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம்-அயனிக் கலம் மறு எல்லையில் நிற்கிறது. மின்விசைக் கருவிகளிலும் பவர்பேங்குகளிலும் உள்ள 18650 என்ற உருளைக் கலத்தின் அகத்தடை 30 மில்லி ஓம் என்று கொண்டால், முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டுக்குக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 140 ஆம்பியர். அப்போது உண்டாகும் வெப்பம் 588 வாட்; கலத்தின் எடையோ 50 கிராமுக்கும் குறைவு. நல்ல கலங்களில் இதைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் கலத்திற்கு வெளியே உள்ள ஃபியூஸோ பாதுகாப்புச் சுற்றோ தடுக்க முடியாத ஒரு குறுக்குச்சுற்றும் உண்டு: அது கலத்திற்குள்ளேயே நிகழ்வது. நேர், எதிர்த் தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரான். அது நசுங்கியோ கிழிந்தோ துளைபட்டோ இரு தகடுகளும் தொட்டுக்கொண்டால், மின்னோட்டம் வெளியே வராமல் உள்ளேயே சுற்றுகிறது. அந்த இடம் சூடாகி, சூட்டில் வேதிவினைகள் மேலும் சூட்டை உண்டாக்கி, நிறுத்த முடியாத நிலைக்குப் போகிறது. 2016இல் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 கைபேசிகளைத் திரும்பப் பெற்றதற்கும், 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் உலகெங்கும் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டதற்கும் பின்னால் இருந்தது இந்த உட்புறக் குறுக்குச்சுற்றுச் சிக்கலே.

தில்லி விமான நிலையத்தில் பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் உடனே கவனித்து அணைக்க முடியும். உதிரி பேட்டரிகளின் முனைகளை உறையிட்டு மூடச் சொல்வது, பையில் உள்ள சாவியோ நாணயமோ முனைகளை இணைத்துவிடாமல் இருக்க.

ஃபியூஸ் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஃபியூஸ் உருகிவிடும் என்று பொதுவாக நம்புகிறோம். ஃபியூஸ் உருகுவதற்கு மின்மூலம் போதுமான மின்னோட்டத்தைத் தர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். எட்டுப் பென்சில் செல்களின் சுற்றில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால், முழுக் குறுக்குச்சுற்றிலும் 7.5 ஆம்பியர்தான் போகும். ஃபியூஸ் அசையாமல் இருக்க, செல்கள் சூடேறிக்கொண்டே இருக்கும். வீட்டு மின்சாரத்திலும் இதே நிலைமை. அங்கே பேட்டரி இல்லை என்றாலும், காலனியின் டிரான்ஸ்பார்மரும் நம் வீடு வரை வரும் கம்பிகளும் சேர்ந்து ஓர் அகத்தடையைப் போலவே செயல்படுகின்றன. கீசரைப் போட்டதும் விளக்கு ஒரு துளி மங்குவது அதன் அடையாளம். அந்த மொத்தத் தடை அரை ஓம் என்றால், 230 வோல்ட்டில் குறுக்குச்சுற்று 460 ஆம்பியரைத் தரும். மின்னோட்டம் மிகுந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்சிபியில், சி வகை 16 ஆம்பியர் எம்சிபி 80 முதல் 160 ஆம்பியருக்குள் உடனடியாக விழுந்துவிட வேண்டியது என்பதால் சிக்கலில்லை. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியின் மறுமுனையில், மொத்தத் தடை 3 ஓம் ஆகும் இடத்தில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் 77 ஆம்பியர்தான். எம்சிபி உடனே விழாமல் சில நொடிகள் எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் கம்பி எரியத் தொடங்கியிருக்கும்.

அகத்தடையை அளப்பது

பென்சில் செல்லில் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் 5 ஓம் அளவில் 1 வாட் அல்லது அதற்கு மேல் தாங்கும் தடை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் செல்லின் மின்னழுத்தத்தை அப்படியே அளக்க வேண்டும். பிறகு தடையை இணைத்து, இணைப்பில் இருக்கும்போதே மறுபடி அளக்க வேண்டும். முதலில் 1.56, பிறகு 1.48 வோல்ட் வந்தால், வேறுபாடு 0.08 வோல்ட், அப்போது போன மின்னோட்டம் 1.48 ÷ 5, அதாவது 0.296 ஆம்பியர், அகத்தடை 0.08 ÷ 0.296, ஏறக்குறைய 0.27 ஓம். 'செத்துப்போன' பொம்மைச் செல்லில் இதையே செய்தால் ஓம் கணக்கில் வரும். அந்தச் செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் இன்னும் பல வாரங்கள் ஓடக்கூடும், ஏனெனில் கடிகாரம் கேட்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்து நேரடியாக முனைகளில் தொடாதீர்கள். அந்த நிலையில் மீட்டரின் தடை ஏறக்குறைய சுழியம் என்பதால் அது குறுக்குச்சுற்றேதான். பென்சில் செல்லில் மீட்டர் பிழைத்துக்கொள்ளலாம், இன்வெர்ட்டர் பேட்டரியில் உள்ளிருக்கும் ஃபியூஸ் போவதோடு நின்றால் நல்லூழ்.

கார் பேட்டரிக்குக் காஷ்மீரி கேட் கடைகளில் உள்ள லோடு டெஸ்டர் செய்வதும் இதே கணக்குதான். 100 ஆம்பியர் அளவு இழுக்கும் ஒரு கனத்த தடையைச் சில நொடிகள் மட்டும் இணைத்து, மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று பார்க்கிறார்கள். 12.6 வோல்ட் 11.8க்கு இறங்கினால் அகத்தடை 8 மில்லி ஓம், பேட்டரி நலம். 9க்குக் கீழே போனால் மாற்றுவதே வழி. மாமாவின் மெக்கானிக் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

மெட்ரோ நிலையங்களின் வாசலில் நிற்கும் ஈ-ரிக்‌ஷாக்களில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு தொடரில் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் நலிந்து அகத்தடை 60 மில்லி ஓம் ஆகி, மற்றவை 10 மில்லி ஓமில் இருந்தால், வண்டி கிளம்பும்போது பாயும் 50 ஆம்பியரில் நல்ல பேட்டரிகள் ஒவ்வொன்றிலும் 25 வாட் வெப்பமும், நலிந்ததில் 150 வாட் வெப்பமும் உண்டாகும். நான்கையும் தொட்டுப் பார்த்தால் எது நோயாளி என்று கையே சொல்லிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரிக்கு வெளியே உள்ள ஒரு தடையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 600 வாட் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 60 ஆம்பியர் போகலாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு 20 மில்லி ஓம் தடையை மட்டும் சேர்த்தாலும், 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். 72 வாட் வெப்பம் அந்தச் சிறு இணைப்பில் உண்டாகி, கேபிளின் உறை இளகத் தொடங்கும். பேட்டரியின் அகத்தடை 10 மில்லி ஓம் என்றால் இன்னொரு 0.6 வோல்ட். பாதி மின்னேற்றத்தில் 12.1 வோல்ட்டில் நிற்கும் பேட்டரி, இன்வெர்ட்டருக்கு 10.3 வோல்ட்டாகத் தெரியும். 10.5 அளவில் நிறுத்திக்கொள்ளும்படி அமைத்த இன்வெர்ட்டர், பேட்டரியில் பாதி மின்னேற்றம் மிஞ்சியிருக்கும்போதே 'பேட்டரி தீர்ந்தது' என்று அணைந்துவிடும். ஆகவே புதிய பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், இன்வெர்ட்டரை அணைத்து, சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்கி, எதிர்முனையை முதலில் கழற்றி, இரண்டு முனைகளையும் வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு, கரைசல் பேட்டரியின் துளைகளுக்குள் போய்விடாதபடி துடைத்து, நன்றாக உலர்த்தி, நட்டுகளை இறுக்கி மாட்டிவிட்டு, சுமை ஓடும்போது பேட்டரி முனையிலும் கேபிளின் நுனியிலும் தனித்தனியே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் மின்னழுத்தம் சரிந்தால் பேட்டரியின் அகத்தடை ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் இணைப்பில்தான் இன்னும் கோளாறு இருக்கிறது.